சிந்த் கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்: என்வலப் கோளாறுகள், அறிகுறி வாரியாக

“அண்ணே, சிந்த் போச்சு.” மாதத்துக்கு ஒரு தடவையாவது எனக்கு இப்படி ஒரு போன் வந்துவிடும். சிந்த் என்றால் சிந்தசைசர், மின்சுற்றிலேயே சத்தத்தை உண்டாக்குகிற கீபோர்டு. நான் ரிப்பேர்காரன் இல்லை, கோவில் கொடைக்கு வில்லுப்பாட்டோடும் மற்ற நாளில் லைட் மியூசிக்கோடும் கீபோர்டு வாசிக்கிறவன், அனலாக் சிந்த் கையில் இருக்கிற ஆள் பாளையங்கோட்டைப் பக்கம் அதிகம் பேர் இல்லை என்பதால் எல்லாரும் என்னிடம் வருகிறார்கள், அவ்வளவுதான். வருகிற பெட்டியை ஸ்க்ரூ கழற்றிப் பார்க்க வேண்டிய நிலைமை அபூர்வம். நாலு நாப் நிற்கக் கூடாத இடத்தில் நிற்கும், அல்லது பின்னால் ஒரு வயர் சொருகக் கூடாத விதத்தில் சொருகியிருக்கும்.

அறிகுறிக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம். கீயை அமுக்கியதும் உள்ளே ஒரு செய்தி போகிறது, ‘விரல் இருக்கிறது’ என்று. அதற்குப் பெயர் கேட். அந்தச் செய்தியைக் கேட்டு ஏறி இறங்குகிற ஒரு வோல்டேஜை உண்டாக்குவது என்வலப். அந்த வோல்டேஜ் சொல்கிறபடி திறந்து மூடுகிற கதவு இரண்டு: சத்தத்தின் அளவுக்கு வி.சி.ஏ, சத்தத்தின் நிறத்துக்கு ஃபில்டர். என்வலப் தானாக எந்தச் சத்தமும் போடாது, கதவைத்தான் ஆட்டும். அதனால் கோளாறு வந்தால் கேட்டிலா, என்வலப்பிலா, கதவிலா என்று பிரிப்பதுதான் முதல் வேலை. கண்ட நாப்பையும் திருகுவது இல்லை. என்வலப்பில் நாலு நாப்: அட்டாக் சத்தம் உச்சத்துக்கு ஏறுவதற்கு, டீகே உச்சத்திலிருந்து இறங்குவதற்கு, சஸ்டெயின் இறங்கி நிற்பதற்கு, ரிலீஸ் விரலை எடுத்த பிறகு அடங்குவதற்கு.

வில்லில் வைத்துச் சொன்னால்

வில்லுப்பாட்டுப் புலவர் வீசுகோலால் நாணில் ஓங்கி அடித்ததும் வில்லில் கட்டிய மணிகள் ‘ஜல்’ என்று எழுந்து அடங்கும். அடித்த கணமே உச்சம், அப்புறம் இறக்கம்தான். கோலை நாணிலேயே அழுத்திக்கொண்டிருந்தாலும் அந்தச் சத்தம் நீளாது. ஆக அட்டாக் பூஜ்யம், சஸ்டெயின் பூஜ்யம், டீகே மட்டும் கொஞ்சம். நெல்லையப்பர் கோவில் மணி மண்டபத்தில் இசைத்தூணைத் தட்டினால் வருவதும் இந்தக் குடும்பத்துச் சத்தம்தான். நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவரைப் பாருங்கள்: ஊதுகிற வரைக்கும் ஒரே மட்டம், வாயை எடுத்தால் நின்றது. சஸ்டெயின் முழுசு, ரிலீஸ் பூஜ்யம்.

இதில் அட்டாக், டீகே, ரிலீஸ் மூன்றும் நேரம். சஸ்டெயின் மட்டும் நேரம் இல்லை, அது மட்டம். விரல் கீயில் இருக்கிற வரைக்கும் சத்தம் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்று சொல்கிற நாப் அது. ‘சஸ்டெயினை ஏத்தினேன், நோட்டு நீளவே இல்லை’ என்று சொல்கிறவர்கள் எல்லாரும் இங்கேதான் விழுகிறார்கள், அந்த வார்த்தையைக் கேட்டால் யாருக்கும் நேரம் என்றுதான் தோன்றும், தப்பு அவர்கள் மேல் இல்லை.

உள்ளே நடப்பது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வேலை. கெப்பாசிட்டர்தான் தொட்டி, அட்டாக் நாப் அதை நிரப்புகிற குழாயின் அகலம், டீகேயும் ரிலீஸும் காலி செய்கிற குழாய்கள். தொட்டி நிறைய இருக்கும்போது தண்ணீர் வேகமாகக் கொட்டும், அடியில் வந்ததும் நூல் மாதிரி ஒழுகும். 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 1 மெகாஓம் வழியாக இறக்கினால் 1 விநாடியில் 37 சதவீதம்தான் மிச்சம் இருக்கும், ஆனால் அந்த மிச்சம் போய்ச் சேர இன்னும் நாலைந்து விநாடி இழுக்கும். அனலாக் ரிலீஸின் வால் அப்படி நீளமாக, மெலிசாகப் போவது இதனால்தான். இந்தத் தொட்டியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும்.

இதன் ஆரம்பமும் ரசமானது. 1960-களில் ராபர்ட் மோக் (மூக்கு இல்லை, மோக்) சிந்தசைசர் செய்துகொண்டிருந்தபோது, சத்தம் சும்மா வந்து சும்மா நிற்கிறது, அதற்கு ஒரு எழுச்சியும் அடக்கமும் வேண்டும் என்று ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளர் கேட்டார். மோக் ஒரு காலிங் பெல் பட்டனையும் ஒரு கெப்பாசிட்டரையும் கோத்துக் கொடுத்தார். நம் வீட்டு வாசலில் இருக்கிற அதே பட்டன்தான்.

முதலில் எல்லாவற்றையும் மொட்டையடியுங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இங்கிருந்து தொடங்குங்கள். ஒரே ஆஸிலேட்டர், அதாவது மூலச் சத்தத்தை உண்டாக்குகிற பகுதி. கட்ஆஃப் (ஃபில்டர் எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்று சொல்கிற நாப்) முழுக்கத் திறந்தபடி, ரெசனன்ஸ் (கட்ஆஃப் நிற்கிற இடத்துச் சத்தத்தைத் தூக்கிக் காட்டுவது) பூஜ்யம். ஃபில்டருக்குப் போகிற என்வலப் அளவு பூஜ்யம், எல்.எஃப்.ஓ (மெதுவாக ஏறி இறங்கி மற்றவற்றை ஆட்டுகிற ஆஸிலேட்டர்) பூஜ்யம். என்வலப்பில் அட்டாக் பூஜ்யம், டீகே நடுவில், சஸ்டெயின் முழுசு, ரிலீஸ் பூஜ்யம். மிக்சருக்குப் போகிற வயரைப் பிடுங்கிவிட்டு ஹெட்போன் மாட்டுங்கள். ஹெட்போன் ஏன் என்று அடுத்ததில் சொல்கிறேன்.

இப்போது ஒரு கீயை அமுக்கினால் ஒத்து மாதிரி ‘பாம்’ என்று நிற்க வேண்டும், எடுத்தால் வெட்டின மாதிரி நிற்க வேண்டும். அப்படி நின்றால் கேட்டும் சரி, வி.சி.ஏ-வும் சரி, உங்கள் பிரச்சினை ஏதோ ஒரு நாப். ஒவ்வொரு நாப்பாகப் பழைய இடத்துக்குக் கொண்டுபோங்கள், எந்த நாப்பில் கோளாறு திரும்பி வருகிறதோ அதுதான் ஆள். இரண்டு நாப்பை ஒன்றாகத் திருகினால் மறுபடி முதலிலிருந்து.

விரலை எடுத்த பிறகும் சத்தம் நிற்க மாட்டேன் என்கிறது

முக்கூடல் பக்கம் ஒரு ஊரில் சாமக்கொடை. வில்லுப்பாட்டில் ஒரு கட்டம் முடிந்து புலவர் வசனத்துக்கு வருகிறார், வில்லு நின்றது, குடம் நின்றது, உடுக்கை நின்றது, என் பாஸ் மட்டும் ‘ம்ம்ம்ம்’ என்று ஓடிக்கொண்டிருக்கிறது. விரல் கீயில் இல்லை. புலவர் மைக்கிலேயே, “தம்பிக்கு சாமி வந்துட்டு போல, எறங்கட்டும்” என்றார். கூட்டம் சிரித்த சிரிப்பில் நான் வால்யூமை இழுத்துச் சாத்தினேன். விடிந்த பிறகு பார்த்தால், மின்னல் வேகத்தில் கட்ஆஃபைத் திருகுகிறேன் என்று பக்கத்து ரிலீஸ் நாப்பை முழுசாக ஏற்றியிருக்கிறேன். அதிலிருந்து ரிலீஸ் நாப் நிற்க வேண்டிய இடத்தில் பேனல் மேல் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிடுவேன். அரை இருட்டு மேடையில் வெள்ளை மார்க்கர் தெரியாது, சந்தனம் தெரிகிறது.

சரி, வரிசை இதுதான். முதலில் ரிலீஸ் நாப். அது பூஜ்யத்தில் இருந்தும் ஓடினால் சஸ்டெயின் பெடலைப் பிடுங்குங்கள். பெடல்களில் இரண்டு ஜாதி உண்டு, மிதித்தால் இணைவது ஒன்று, மிதித்தால் பிரிவது ஒன்று. மாற்றி மாட்டினால் மிதிக்காதபோது எல்லாம் மிதித்த மாதிரி ஆகிவிடும். பல கீபோர்டுகள் பவர் ஆன் ஆகிற நேரத்தில் பெடல் எந்த ஜாதி என்று பார்த்துக்கொள்ளும், அதனால் பெடலை மாட்டிவிட்டு, காலை அதன் மேல் வைக்காமல் ஆன் செய்யுங்கள். காலை வைத்துக்கொண்டே ஆன் செய்து, அரை மணி நேரம் குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன் (நானும் ஒருவன்).

பெடலும் இல்லை என்றால் ஹோல்ட், ட்ரோன் என்று ஏதாவது ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். கம்ப்யூட்டரிலிருந்து மிடி (எந்தக் கீயை அமுக்கியது, விட்டது என்று பெட்டிக்குப் பெட்டி போகிற செய்தி) வருகிறது என்றால் ‘கீயை விட்டாச்சு’ என்ற செய்தி வழியில் தொலைந்து போயிருக்கும். அதே கீயை ஒரு தடவை தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

மினிமோக்கும் அதைப் பார்த்துச் செய்த பெட்டிகளும் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. 1970-ல் வந்த அந்தப் பெட்டியில் ரிலீஸ் என்று நாப்பே கிடையாது. டீகே என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அது ஆனில் இருந்தால் டீகே நாப்பில் வைத்த நேரமே ரிலீஸுக்கும் வேலை செய்யும், ஆஃபில் இருந்தால் விரலை எடுத்ததும் நின்றுவிடும். நாலு நாப் இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

இத்தனையும் பார்த்து, ஹெட்போனில் சுத்தமாக நின்று, ஸ்பீக்கரில் மட்டும் இழுத்தால் அது சிந்த் இல்லை, மைக்செட் அண்ணாச்சி. புலவர் குரலுக்கு என்று போட்ட எக்கோ உங்கள் சேனலுக்கும் போய்க்கொண்டிருக்கும். போய்ச் சொல்லுங்கள், கோபப்படாமல்.

சத்தமே இல்லை, அல்லது ‘டிக்’ என்று மட்டும் வருகிறது

‘டிக்’ என்றால் சஸ்டெயினும் டீகேயும் இரண்டும் பூஜ்யம். கதவு திறந்த வேகத்தில் மூடிவிட்டது. இரண்டில் ஒன்றை ஏற்றுங்கள்.

கீயை அமுக்கி மெதுவாக எண்ணினால் சத்தம் மெல்ல எழுகிறது என்றால் அட்டாக் நீளம். இதில் ஒரு மறைமுகமான வகை உண்டு: வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது அருமையாக இருக்கும், மேடையில் தாளம் ஏறியதும் சத்தம் சுருங்கிப் போகும். கணக்குப் போடுங்கள். நிமிஷத்துக்கு 120 அடி என்றால் ஒரு அடிக்கு 500 மில்லிசெகண்ட், அதை நாலாக வெட்டி வாசித்தால் ஒரு நோட்டுக்கு 125. அட்டாக் 300-ல் இருந்தால் சத்தம் பாதிப் படி ஏறுவதற்குள் விரல் எடுத்தாகிவிடும். நையாண்டி மேளத்துக்கு நடுவில் ஸ்ட்ரிங்ஸ் சவுண்டை வைத்துக்கொண்டு வேகமாக வாசித்தால் இதுதான் நடக்கும். மைக்செட்காரர் வால்யூம் ஏற்ற மாட்டேன் என்கிறார் என்று குறைபட்டுப் பிரயோஜனம் இல்லை.

பழைய பெட்டிகளை வயர் போட்டு இணைக்கிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: சில பெட்டிகளில் கேட் என்றால் வோல்டேஜ் ஏறுவது, கோர்க் எம்எஸ்-20 போன்றவற்றில் கேட் என்றால் அந்த முனையைத் தரையோடு ஒட்டுவது. இந்த இரண்டு ஜாதியும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது, நடுவில் ஒரு மாற்றி வேண்டும்.

ஒவ்வொரு நோட்டின் தொடக்கத்திலும் ‘டப்’ என்று ஒரு இடி

பாஸில்தான் அதிகம் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் சத்தம் ஒரு சுற்று சுற்றி வர 20 மில்லிசெகண்ட் ஆகும். அந்தச் சுற்றுக்கு நடுவில் எங்கோ இருக்கும்போது கதவை 1 மில்லிசெகண்டில் படாரென்று திறந்தால் அலை பூஜ்யத்திலிருந்து குதித்துத்தான் ஆரம்பிக்கும், அந்தக் குதிப்பு காதுக்கு இடியாகக் கேட்கிறது. அட்டாக்கை ஒரு மயிரிழை ஏற்றுங்கள், 5 மில்லிசெகண்ட், 10 மில்லிசெகண்ட். நோட்டின் முடிவில் வந்தால் ரிலீஸை அதே மாதிரி.

ஆனால் எப்போதும் எடுக்க வேண்டுமா என்றால் எனக்கு அதில் சம்மதம் இல்லை. குடத்தின் வாயில் பத்தியால் அடிக்கிற ‘தொம்’முக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய பாஸுக்கு அந்த இடி இருந்தால்தான் எடுப்பாக இருக்கும். சிலர் வீட்டில் ஹெட்போனில் கேட்டு எல்லாவற்றையும் வழுவழுப்பாக ஆக்கிக்கொண்டு வருவார்கள், திறந்த வெளியில் அந்த பாஸ் எங்கே போனது என்றே தெரியாது.

ஃபில்டர் என்வலப்பை எவ்வளவு திருகினாலும் ஒன்றும் ஆகவில்லை

எனக்கு வருகிற போன்களில் அதிகம் இதுதான். போன மழைக்காலத்தில் வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு காலேஜ் பையன் பெட்டியை பைக்கில் கட்டிக்கொண்டு வந்தான்.

“அண்ணே, இந்த வரிசை நாலும் டம்மி நாப்ணே. ஒரு மணி நேரமா திருகுதேன், ஒண்ணும் மாறல.”

“கட்ஆஃப் எங்க இருக்கு?”

“ஃபுல்லுண்ணே. அப்பத்தான சத்தம் நல்லா பிரைட்டா இருக்கு.”

வந்த கோளாறு அவன் வாயிலேயே இருக்கிறது. ஃபில்டர் எவ்வளவு திறக்கிறது என்பது கூட்டல் கணக்கு: கட்ஆஃப் நாப் வைத்த இடம், அதோடு என்வலப்பை அதன் அளவு நாப்பால் பெருக்கிய தொகை. கட்ஆஃபே ஏற்கெனவே மேல்கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றால் என்வலப் அதற்கு மேல் எங்கே ஏற்றும்? நிரம்பிய தொட்டிக்கு மோட்டார் போட்ட மாதிரி. கட்ஆஃபைக் கால்வாசிக்கு இறக்கச் சொன்னேன், சத்தம் போர்வைக்குள் போன மாதிரி மங்கியது, பையன் முகமும் மங்கியது. என்வலப் அளவைப் பாதிக்கு ஏற்றி, சஸ்டெயினைப் பூஜ்யமாக்கி, டீகேயை மெதுவாகக் கூட்டினான். ‘டவ்’, ‘டவ்வ்’, ‘டவ்வ்வ்’. அப்புறம் அவன் கையிலிருந்து பெட்டியை வாங்க எனக்கு ராத்திரி ஒன்பது ஆகிவிட்டது.

கட்ஆஃப் இறங்கியும் அசைவில்லை என்றால் அளவு நாப்பைப் பாருங்கள், சில பெட்டிகளில் அதன் நடுப்புள்ளிதான் பூஜ்யம், இடது பக்கம் போனால் தலைகீழ்: கீயை அமுக்கினால் திறப்பதற்குப் பதில் மூடும். நடுவில் விட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது.

இன்னொன்று, இது நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்களையும் ஏமாற்றும். இரண்டு கதவுக்கும் தனித்தனி என்வலப் உள்ள பெட்டிகளில் ஃபில்டரின் ரிலீஸை 3 விநாடி வைத்திருப்பார்கள், விரலை எடுத்ததும் அழகாக மங்கி அடங்கும் என்று. ஒன்றும் கேட்காது. ஏனென்றால் வி.சி.ஏ-வின் ரிலீஸ் பூஜ்யம், சத்தம் வெளியே போகும் வாசல் சாத்தியாகிவிட்டது, உள்ளே ஃபில்டர் மட்டும் தனியாக மூடிக்கொண்டிருக்கிறது. ரிலீஸ் விஷயத்தில் வி.சி.ஏ எப்போதும் ஃபில்டரை விட நீளமாக இருக்கட்டும். ஒரே என்வலப் உள்ள ரோலண்ட் எஸ்ஹெச்-101 மாதிரிப் பெட்டிகளில் இரண்டு கதவுக்கும் ஒரே கை. அங்கே வி.சி.ஏ-வை கேட்டுக்கு மாற்றுகிற ஸ்விட்ச் ஒன்று உண்டு, மாற்றினால் என்வலப் முழுக்க ஃபில்டருக்கு மிச்சமாகும், ஆனால் விரலை எடுத்த கணமே சத்தம் வெட்டிவிடும்.

முதல் நோட்டு நச்சென்று வருகிறது, அடுத்தவை சப்பென்று இருக்கின்றன

ஒரு விரலை எடுக்காமல் அடுத்த விரலை வைத்தால் கேட் இறங்கவே இல்லை. ‘விரல் இருக்கிறது’ என்ற செய்தி அறுபடாமல் போய்க்கொண்டே இருப்பதால் என்வலப் மறுபடி முதலிலிருந்து தொடங்க அதற்குக் காரணம் இல்லை, அது சஸ்டெயினில் உட்கார்ந்திருக்கும், சுருதி மட்டும் மாறும். பழைய மினிமோக் இப்படித்தான். சில பெட்டிகளில் ஒவ்வொரு கீக்கும் மறுபடி அடிக்க வைக்கும் ஸ்விட்ச் உண்டு. எஸ்ஹெச்-101-ல் அது மூன்று நிலை, ஒரு நிலையில் எல்.எஃப்.ஓ-வே அடிக்கும், அதனால் ‘கீயை அமுக்கிப் பிடித்தால் டக டக டக என்று தானாக அடிக்கிறது’ என்ற புகாருக்கும் மருந்து அதே ஸ்விட்ச்தான்.

ஸ்விட்ச் இல்லாதவர்கள் விரலை வெட்டி எடுத்து வாசிக்கப் பழக வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் இதைக் குறையாக நினைக்க வேண்டாம். நாதஸ்வரத்தில் ஒரே மூச்சில் நாலு சுரத்தைக் கோத்து வாசித்து, ஐந்தாவதுக்குத் துத்துக்காரம் (நாக்கால் தட்டுவது) கொடுத்து அடிக்கிறார்களே, அதே வசதி உங்களுக்குக் கீயில் கிடைக்கிறது. எங்கே விரலை ஒட்டி வாசிப்பது, எங்கே வெட்டுவது என்று முடிவு செய்தால் அதுவே ஒரு பாணி.

சுருதி சேர மாட்டேன் என்கிறது, ஒவ்வொரு நோட்டும் வழுக்கிக்கொண்டு வருகிறது

நாதஸ்வரக்காரர் முறைப்பார், நீங்கள் ட்யூனிங் நாப்பைத் திருகுவீர்கள், நின்று ஒலிக்கும்போது சுருதி சரியாகத்தான் இருக்கும். தொடக்கம்தான் தப்பு. என்வலப் ஆஸிலேட்டரின் சுருதிக்கும் போய்க்கொண்டிருக்கிறதா பாருங்கள், அந்த அளவைப் பூஜ்யமாக்குங்கள். அது பூஜ்யமாக இருந்தும் முந்தைய நோட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தால் கிளைடு, ஒரு நோட்டிலிருந்து அடுத்ததுக்குச் சுருதியை வழுக்க விடுகிற வசதி. எப்போதும் மேலிருந்து விழுந்தால் என்வலப், முந்தைய நோட்டின் பக்கத்திலிருந்து வந்தால் கிளைடு, இப்படிப் பிரிக்கலாம்.

இதே கோளாறை வேண்டுமென்றே செய்தால் உடுக்கை. இடுப்புக் கயிற்றை இறுக்கி விடும்போது சுருதி வளைகிறதே, அந்த ‘டுவ்ங்’ முழுக்க முழுக்க சுருதி மேல் போட்ட குட்டி என்வலப்தான். ஃபில்டர் ரெசனன்ஸை ஏற்றி அதுவே பாடத் தொடங்கும் இடத்தில் வைத்து, 80 மில்லிசெகண்ட் டீகே போட்டுத் தட்டிப் பாருங்கள், கிட்டே வரும்.

நாப் திருகினால் கரகர, அல்லது மொட்டையடித்தும் சரியாகவில்லை

இப்போதுதான் பெட்டியே குற்றவாளி. டீகேயைத் திருகும்போது சத்தம் குதிக்கிறது, ஒரு இடத்தில் மட்டும் நின்றுபோகிறது என்றால் நாப்புக்குள் தூசி. உவரி, திருச்செந்தூர்ப் பக்கம் கடற்கரை ஊர்களில் வைத்திருக்கிறவர்களுக்கு இது சீக்கிரமே வரும், உப்புக் காற்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நாப்பை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முப்பது நாற்பது தடவை திருகுங்கள், அதிலேயே பாதி சரியாகும். மிச்சத்துக்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கிற கான்டாக்ட் கிளீனரைச் சொட்டாக. துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், அந்த எண்ணெயே அடுத்த தூசியைக் கூட்டி வரும்.

கடைசி வகை பழைய பெட்டிகளில் வரும். அட்டாக்கைக் குறைவாக வைத்தால் எல்லாம் சரி, நீளமாக வைத்தால் சத்தம் ஏறி, ஏறி, ஒரு மட்டத்தில் நின்றுவிடும், டீகே தொடங்கவே தொடங்காது. பல சர்க்யூட்டுகளில் வோல்டேஜ் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தொட்டால்தான் டீகேக்கு மாறும். கெப்பாசிட்டரில் கசிவு இருந்தால், குழாயை ஒல்லியாக்கியதும் உள்ளே வருகிற தண்ணீரும் அடியில் ஒழுகுகிற தண்ணீரும் சமமாகி, தொட்டி அந்த உயரத்தைத் தொடாமலேயே நின்றுவிடுகிறது. அந்த ஒரு கெப்பாசிட்டரை மாற்றினால் போதும், என்வலப் பகுதியில் இருக்கிறவற்றில் பெரியது பெரும்பாலும் அதுதான். அதே மதிப்பு, அதே வோல்டேஜ் அல்லது அதற்கு மேல், போலாரிட்டி பார்த்து. பற்றவைக்கக் கை பழகாதவர்கள் இந்த முதல் பாடத்தைத் தங்கள் சிந்த்திலேயே படிக்க வேண்டாம், பழைய ரேடியோ ஒன்றை வாங்கி அதில் நாலு கெப்பாசிட்டரைக் கழற்றி மாட்டிவிட்டு வாருங்கள்.